சூடேறியதும் குழறும் பழைய எஞ்சின்: அறிகுறி வழியே பிழை காணல்

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்களை இன்னமும் அன்றாடம் ஓட்டுகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கராஜுக்குக் கொண்டுவரும் முறைப்பாடுகளில் மெக்கானிக்கை அதிகம் அலைக்கழிப்பது, "அண்ணை, காலமை நல்லா ஓடுது, நாவற்குழிப் பாலம் தாண்டினாப் பிறகு இழுக்குதில்லை" என்கிற முறைப்பாடுதான். கார் கராஜுக்கு வந்து, வரிசையில் நின்று, பொனற்றைத் திறக்கும் நேரத்துக்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. ஆறிய எஞ்சினில் பிழை தென்படுவதில்லை. எதையாவது செய்தாக வேண்டுமே என்பதற்காக, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் காபரேற்றரின் திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு அனுப்புகிறார்கள். மறுநாள் அதே கார் அதே பிழையோடு திரும்பி வருகிறது. இப்போது காபரேற்றரின் அளவும் கெட்டுப்போயிருக்கிறது.

காபரேற்றர் மீதான இந்தச் சந்தேகத்துக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்நாளில் எஞ்சின் குழறினால் காரணம் எரிபொருளாகவே இருந்தது. பழக்கம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது. நல்ல பெற்றோலில் ஓடும் காரில், சூடேறிய பின் வருகிற குழறலை முதலில் மின்பொறிப் பக்கத்தில் தேட வேண்டும் என்பதே என் கருத்து. காபரேற்றருக்குக் கடைசியில் வரலாம்.

வெப்பம் எஞ்சினில் மூன்று விடயங்களை மாற்றுகிறது. கம்பிச் சுருள்களின் தடையைக் கூட்டி, அவற்றின் காப்புறையைப் பலவீனப்படுத்துகிறது, பெற்றோலை ஆவியாக்குகிறது, உலோகத்தை விரியச் செய்து வால்வு முதலியவற்றின் இடைவெளிகளை மாற்றுகிறது. எந்த மாற்றம் குழறலைக் கொண்டுவருகிறது என்பதை அறிய, காரைத் தொடுவதற்கு முன்னர் ஓட்டுநரிடம் சில கேள்விகளைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சோக்கை (ஆறிய எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் விட இழுக்கும் பிடியை) உள்ளே தள்ளியவுடனேயே குழறுகிறதா, அல்லது கால்மணி நேரம் ஓடிய பின்னரா? நின்ற இடத்தில் ஸ்லோவில் (அக்சிலறேற்றரை மிதிக்காத ஓட்டத்தில்) குழறுகிறதா, அல்லது கியரில் இழுக்கும்போதா? கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது மட்டும் வருகிறதா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் ஓட்டுநரோடு நீங்களும் ஏறிப் போய்ப் பாருங்கள்.

பிழை வந்த கணத்திலேயே பார்த்தல்

பிழை வந்ததும் வீதியோரத்தில் ஒதுக்கி, எஞ்சின் ஆறும் முன்னர் சோதிக்க வேண்டும். பிளக் ஸ்பானர், காப்புப் பிடியுள்ள குறடு, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்ரிமீற்றர், ஈரத்துணி, நம்பகமான ஒரு கொண்டென்சர் (பொயின்றில் பொறி பாயாமல் தடுப்பது), நம்பகமான ஒரு கொயில் (பற்றரியின் மின்சாரத்தைப் பொறிக்கான உயர் அழுத்தமாக்குவது) ஆகியவை கையிருப்பில் இருந்தால் போதும். சூடான ரேடியேற்றர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பெற்றோல் சிந்தியிருந்தால் அது முழுதாக உலரும் வரை பொறிச் சோதனை செய்யவும் கூடாது.

கொயிலிலிருந்து, பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் மூடி நடுவுக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி, குறடால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் உலோகத்திலிருந்து ஏறத்தாழ 6 மி.மீ. தூரத்தில் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்ராற்றரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாக, "சடக் சடக்" என்ற ஓசையோடு பொறி பாய்ந்தால் கொயிலும் கொண்டென்சரும் அந்த வேளையில் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். பொறி மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ மெலிந்து தெரிந்தால், அல்லது விட்டுவிட்டு வந்தால், எரிபொருள் பக்கம் போக வேண்டிய தேவை இப்போதைக்கு இல்லை.

அறிகுறி: கால்மணி நேரம் ஓடிய பின் இழுவையில் வெட்டுகிறது, ஆறினால் சரியாகிறது

இந்த அறிகுறி தெளிவாக இருக்குமானால் கொயில், கொண்டென்சர், ரோட்டர் (டிஸ்ரிபியூட்டருக்குள் சுழன்று பொறியைப் பகிரும் துண்டு) ஆகிய மூன்றுக்கும் அப்பால் தேட வேண்டி வருவது அரிது.

கொயிலில் தொடங்குவோம். ஈரத்துணியைக் கொயிலின் உடலைச் சுற்றிப் போர்த்துங்கள். மேலேயுள்ள முனைகளில் தண்ணீர் படக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் எஞ்சின் சீரானால் கொயில் பிடிபட்டுவிட்டது. மல்ரிமீற்றரால் அளக்க விரும்பினால், தடைக்கம்பி (மின்னோட்டத்தைக் குறைக்க வெளியே பொருத்தும் கம்பி) இல்லாத 12 வோல்ற் கொயிலின் இரண்டு சிறு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 3 ஓம் காட்டும். சூட்டில் அது சற்றுக் கூடுவது செம்புக் கம்பியின் இயல்பேயன்றிப் பழுது அல்ல. அளவு திடீரென எல்லையற்றதாகிவிட்டால் உள்ளே கம்பி அறுந்து, விரிவில் விலகுகிறது. ஆனால் காப்புறை சூட்டில் உடைந்து உயர் அழுத்தம் உள்ளேயே கசிவதை எந்த ஓம்மீற்றரும் காட்டாது. மீற்றர் நல்லதென்று சொன்ன கொயிலைக்கூட மாற்றிப் போட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கொயில் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால், அது அந்தக் காருக்கு உரிய கொயில்தானா என்று பாருங்கள். தடைக்கம்பியோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்று செய்யப்பட்ட ஜப்பான் கார்க் கொயில்களின் தடை ஏறத்தாழ 1.5 ஓம் மட்டுமே. கடையில் கிடைத்ததே என்று அதை வாங்கி ஏ40 இல் நேரடியாக 12 வோல்ற்றுக்குப் பொருத்தினால் இரட்டிப்பு மின்னோட்டம் பாய்ந்து, கொயிலும் கொதிக்கும், கொயிலின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்றும் கருகும். எஞ்சின் ஓடாமல் கீயை மட்டும் போட்டு வைத்துப் பாட்டுக் கேட்கிற பழக்கமும் இதே வேலையைச் செய்யும். பொயின்ற் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால், பாட்டு முடியும் வரை கொயில் வெந்துகொண்டே இருக்கும்.

முனை மாறிய இணைப்பு அதிகம் பேர் கவனிக்காத ஒன்று. இந்த பிரித்தானியக் கார்கள் பல, பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைத்தே தயாரிக்கப்பட்டவை. பின்னர் அல்ரனேற்றர் பொருத்துவதற்காக எதிர்முனையை உடலுக்கு மாற்றியவர்கள் கொயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்ற மறந்துவிடுவார்கள். கார் ஓடும், ஆனால் பிளக்கில் பொறி பாய்வதற்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால், கொயில் சூட்டில் களைத்த நேரத்தில் முதலில் விடுபடுவது அந்தப் பொறிதான். எதிர்முனை உடலில் உள்ள காரில் டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயர் கொயிலின் எதிர் முனையிலும், நேர்முனை உடலில் உள்ள காரில் நேர் முனையிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது கொண்டென்சர். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கீயைப் போட்டு, மூடியுள்ள பொயின்றை ஒரு சிறு திருப்புளியால் மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். நல்ல கொண்டென்சராயின் பொயின்றுகளுக்கிடையே கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு துளிப் பொறி வரும். கெட்டதாயின் நிழலில் நின்று பார்த்தாலே தெரியும் அளவுக்குத் தடித்த நீலப் பொறி வெடிக்கும். பொயின்றின் முகங்களும் சாட்சி சொல்லும்: ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் கூர்மேடும் விழுந்து, சுற்றிலும் சாம்பல் நிறமாகக் கருகியிருக்கும். இந்த நிலையில் பொயின்றை மட்டும் மாற்றினால் புதியதும் சில நாளில் அதே கோலத்துக்கு வரும். லூக்காஸ் 25டி வகை டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். குழி விழுந்த பொயின்றில் பீலர் கேஜ் மேட்டின் மீது அமர்ந்து பொய்யளவு காட்டும் என்பதால், முகத்தைத் தட்டையாக்காமல் அளப்பதில் பயனில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் பிழை நிற்குமானால் டிஸ்ரிபியூட்டருக்குள்ளே பொயின்றுக்கு வரும் மெல்லிய வளையும் வயரை விரலால் அசைத்துப் பாருங்கள். எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப அடித்தட்டு ஓயாமல் அசைவதால், உறை நன்றாக இருக்க உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஒன்றிரண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அடித்தட்டை உடலோடு இணைக்கும் சிறு வயருக்கும் இதே கதிதான். வல்வெட்டித்துறை, காரைநகர் போன்ற கரையோரங்களில் நிற்கும் கார்களில் உப்புக்காற்றுப் பிடித்த இணைப்புகளை மணல்தாளால் துடைத்தாலே குழறல் நின்றுவிடுவதும் உண்டு.

ரோட்டரைச் சோதிப்பது மிக எளிது. மூடியைக் கழற்றி, ரோட்டரை அதன் இடத்திலேயே விட்டு, கொயிலின் தடித்த வயர் நுனியை ரோட்டரின் நடுப் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்துக்கொண்டு பொயின்றைத் திறந்து மூடுங்கள். பொறி பாயக் கூடாது. பாய்ந்தால், அது ரோட்டரின் காப்பைத் துளைத்துத் தண்டுக்கு இறங்குகிறது என்று பொருள். புதிதாக வாங்கிய மலிவான ரோட்டர்களில் இந்தக் குறை இருப்பதால், பெட்டியிலிருந்து நேற்றுத்தான் எடுத்துப் போட்டது என்ற காரணத்துக்காக அதைச் சோதனையிலிருந்து விலக்க வேண்டாம். கொண்டென்சருக்கும் இது பொருந்தும். பழைய காரிலிருந்து கழற்றிய, ஓடிக் களித்த கொண்டென்சர் ஒன்றைப் புதியதைவிட நான் அதிகம் நம்புவேன்.

அறிகுறி: சூட்டில் ஸ்லோ நிற்கவில்லை, வேகத்தில் ஓரளவு சீராக ஓடுகிறது

சைலன்சர் குழாயின் வாயருகே ஒரு தாளைத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். நல்ல எஞ்சின் தாளை ஒரே சீராக வெளியே தள்ளும். பொறி தவறுகிற சிலிண்டர் இருந்தால் தள்ளல் ஒழுங்கின்றித் தடுமாறும். தாள் இடையிடையே குழாயை நோக்கி உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டால் ஏதோவொரு எக்சோஸ்ற் வால்வு முழுதாக மூடவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பணச்செலவில்லாத சோதனைகளில் இதற்கு நிகரானது குறைவு.

வால்வு இடைவெளி குறுகியிருந்தால் ஆறிய எஞ்சினில் அது தெரியாது. சூடேறி வால்வுத் தண்டு நீண்டதும், மிச்சமிருந்த இடைவெளியும் போய், வால்வு இருக்கையிலிருந்து மயிரிழை தூக்கி நிற்கும். எரியும் சூடான வாயு அந்த இடுக்கால் பீறி வால்வின் விளிம்பைத் தின்னத் தொடங்கும். ஈயம் கலந்த பெற்றோலுக்கென வார்க்கப்பட்ட இந்தப் பழைய தலைகளில், ஈயம் நீக்கப்பட்ட பெற்றோலில் கடுமையாக ஓட்டும்போது எக்சோஸ்ற் வால்வு இருக்கைகள் தேய்ந்து உள்ளிறங்குவதால் இடைவெளி தானாகவே குறைகிறது. "வால்வு சத்தமே இல்லை, எஞ்சின் சோக்காய் இருக்கு" என்று உரிமையாளர் பெருமைப்படுகிற எஞ்சினில்தான் நான் முதலில் வால்வு மூடியைத் திறப்பேன். மெல்லத் தட்டுகிற வால்வு ஆபத்தில்லாதது. ஊமையான வால்வு எரிந்துகொண்டிருக்கக் கூடும்.

மொறிஸ் மைனர் 1000 இன் எஞ்சினுக்கு இடைவெளி, ஆறிய நிலையில், 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. மற்ற எஞ்சின்களுக்கு அந்தந்தக் கைநூலில் உள்ள அளவையும், அது ஆறிய நிலைக்குரியதா சூடான நிலைக்குரியதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எட்டு வால்வு உள்ள நாற்சிலிண்டர் எஞ்சினில் ஒன்பது கணக்கு உதவும்: ஒன்றாம் வால்வைச் சரிசெய்ய எட்டாம் வால்வு முழுதாக அமுங்கியிருக்க வேண்டும், மூன்றாவதற்கு ஆறாவது, நான்காவதற்கு ஐந்தாவது. இரண்டு எண்களும் கூடினால் எப்போதும் ஒன்பது வரும்.

வால்வு சரியாயிருந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். இன்லெற் மனிஃபோல்ட் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்த்தொகுதி) கஸ்கற், காபரேற்றரின் அடிக் கஸ்கற், உறிஞ்சல் குழாய், தேய்ந்த திறொட்டில் தண்டு ஆகிய இடங்களால் உள்ளே போகும் மிகைக் காற்று, சோக் இழுத்திருக்கும் வரை மறைந்திருந்து, சோக்கை உள்ளே விட்டதும் வெளிப்படும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது சந்தேகமான இணைப்பில் சில துளி எஞ்சின் எண்ணெயைத் தடவுங்கள். ஓட்டம் மாறினால் அந்த இடம்தான். எரியும் திரவங்களைப் பீச்சிப் பார்ப்பதைச் சூடான எக்சோஸ்ற்றுக்கு அருகில் நான் செய்வதில்லை.

அறிகுறி: கரும்புகை, பெற்றோல் மணம், பிளக் கரி பிடித்திருக்கிறது

சோக் முழுதாகத் திரும்பவில்லை என்பதே மிகச் சாதாரணமான காரணம். உள்ளே பிடி போய்விட்டாலும் கம்பி துருப்பிடித்து நடுவில் நின்றிருக்கும் என்பதால் காபரேற்றர்ப் பக்கத்தில் பார்க்க வேண்டும். மொறிஸ் மைனரில் உள்ள எஸ்.யூ. காபரேற்றரில் சோக்கை இழுக்கும்போது அடியிலுள்ள ஜெற்றே கீழிறங்கும். அது திரும்பி மேலே ஏறி அமர்ந்ததா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். ஏ40 இன் செனித் காபரேற்றரில் மேலேயுள்ள தகடு நிமிர்ந்து முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பின்னர், காபரேற்றருக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவையையும் அதன் ஊசி வால்வையும் பாருங்கள். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெற்றோல் தளம்பும் ஓசை கேட்டால் அது ஓட்டை.

எஸ்.யூ. காபரேற்றரின் கலவையை அறிய, எஞ்சின் சூடாக ஸ்லோவில் ஓடும்போது அதன் பிஸ்ரனை அடியிலுள்ள சிறு ஊசியால் 1 மி.மீ. அளவுக்குள் மெல்ல உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். ஒரு கணம் சற்றே கூடித் திரும்பினால் சரி. எஞ்சின் நின்றுவிடப் பார்த்தால் பெற்றோல் குறைவு. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்காமல் இந்தச் சோதனைக்குப் போக வேண்டாம். அடைத்த வடிகட்டி சோக் இழுத்ததற்குச் சமமான வேலையைச் செய்யும்.

அறிகுறி: மெல்ல ஊரும்போதோ, நிறுத்தி எடுக்கும்போதோ நின்றுவிடுகிறது

மாப்பிள்ளை ஊர்வலத்தில் தவில், நாதஸ்வரத்தின் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்துவரும் ஏ40, கோவில் வாசலுக்கு முன்னர் நின்றுபோவது பலர் கண்ட காட்சி. காற்றோட்டமின்றிப் பொனற்றுக்குள் வெப்பம் தேங்க, எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்ட பெற்றோல் பம்பிலும் குழாயிலும் பெற்றோல் கொதித்து ஆவிக்குமிழாகிறது. பம்ப் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்க, மிதவை அறை வற்றிவிடுகிறது. பம்பின் மீது கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் குமிழ்களை நேரே காணலாம். ஈரத்துணியைப் பம்பின் மீதும் குழாயின் மீதும் போட்டு ஐந்து நிமிடத்தில் கார் எழும்பினால் நோய் உறுதி. பெற்றோல் குழாயை எக்சோஸ்ற்றிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதும், காபரேற்றருக்கும் மனிஃபோல்டுக்கும் இடையே தடித்த காப்புத் தகடு வைப்பதும், இரண்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு அமைப்பதும் நிலையான பரிகாரங்கள்.

மொறிஸ் மைனரின் மின்சாரப் பம்ப் தானே பேசும். கீயைப் போட்டதும் சில தடவை "டிக் டிக்" என்று ஒலித்து, மிதவை அறை நிறைந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. ஒலியே இல்லாமல் கார் பெற்றோலின்றி நிற்குமானால், ஸ்பானரின் பிடியால் மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள். அடிக்கத் தொடங்கினால் அதனுள்ளிருக்கும் பொயின்ற் கருகியிருக்கிறது.

அரைமணி நேர ஓட்டத்துக்குப் பிறகே வந்து, எந்த ஈரத்துணிக்கும் அசையாத நிறுத்தம் என்றால் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளிழுபட்டு, அதன் பின்னர் கார் ஓடுமானால், மூடியின் மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறது. இதற்கு வெப்பத்தோடு தொடர்பே இல்லை. ஓடிய நேரம்தான் காரணம்.

அறிகுறி: குழறலோடு வெப்பமானியும் ஏறுகிறது

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் நீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளை ஓடு, கிணற்றுநீர் விட்ட ரேடியேற்றரின் குழாய்களிலும் எஞ்சினின் நீர்ச்சுற்றிலும் படிகிறது. ஆறிய எஞ்சினில் ரேடியேற்றரின் அடித்திருகைத் திறந்து நீரை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள்: துருவின் செந்நிறத்துக்கு நடுவே நகத்துண்டு போன்ற வெண்செதில்கள் வந்தால் குழாய்களில் பாதியாவது குறுகியிருக்கும் என எதிர்பார்க்கலாம். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவிய பின்னர் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கலந்த கூலன்ற் மட்டுமே விட வேண்டும். சூடு ஏறுகிறதென்று தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது இங்கே பரவலான வழக்கம். அடைத்த ரேடியேற்றருக்கு அது மருந்தாகாது. நல்ல தெர்மோஸ்ராற், கொதிநீரில் போட்டால் திறக்கும். திறந்தால் அதை எறியத் தேவையில்லை.

நீர் குறைந்துகொண்டே போய், அருகருகான இரு பிளக்குகளும் ஒருங்கே மிஸ் அடித்தால் அவ்விரு சிலிண்டருக்கும் நடுவே தலைக் கஸ்கற் விட்டிருக்கிறது. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, திறொட்டிலை முழுதாகத் திறந்து, அமுக்கத்தை ஆறிய நிலையில் ஒரு தடவையும் சூட்டில் ஒரு தடவையும் அளந்து ஒப்பிடுங்கள். சூட்டில் மட்டும் இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் தலையைக் கழற்ற வேண்டியதுதான்.

பின்னாளைய ஜப்பான் கார்கள்

1980களின் நிசான் சணி, ரொயோட்டா கொரோலா போன்றவற்றில் பலவற்றில் பொயின்றும் கொண்டென்சரும் இல்லை. அவற்றின் இடத்தில் உள்ள மின்னணு இக்னைற்றர் சூட்டில் செத்து, ஆறினால் உயிர்க்கும். அறிகுறி பழைய கொயிலுக்குரியதே. மாற்றிப் போட்டுப் பார்ப்பதே சோதனை. 1990களின் பெற்றோல் இன்ஜெக்ஷன் கார்களில், சூட்டில் கரும்புகையோடு குழறினால் நீர் வெப்ப உணரியை முதலில் அளந்து பாருங்கள். ரொயோட்டாவின் உணரி 20 பாகை செல்சியசில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்ட வேண்டும். சூடேறியும் அது கிலோ ஓமிலேயே நின்றால், எஞ்சின் இன்னும் ஆறியிருக்கிறதென்று எண்ணிக் கணினி மிகைப் பெற்றோலை ஊட்டிக்கொண்டிருக்கிறது. உணரியை மாற்றுவதற்கு முன்னர் அதன் செருகியில் பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.